தாம்பரத்து வானம் – 17: பதறாத கை

2024 பிப்ரவரி 27 அன்று திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தில், மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் பயணத்துக்குத் தேர்வான நான்கு பேரின் முகத்தை நாடு முதன்முதலாகப் பார்த்தது. பிரசாந்த் பாலகிருஷ்ணன் நாயர், அஜித் கிருஷ்ணன், அங்கத் பிரதாப், சுபான்ஷு சுக்லா. நால்வரும் விமானப்படை அதிகாரிகள், நால்வரும் சோதனை விமானிகள். அஜித் கிருஷ்ணன் 1982-ல் சென்னையில் பிறந்தவர் என்பதால் நம் பக்கத்து மகிழ்ச்சி கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. நாயர் பாலக்காட்டுக்காரர். அவரைப் பற்றி அரசு வெளியிட்ட சிறு குறிப்பில், படித்த இடங்களின் வரிசையில் அமெரிக்க ஸ்டாஃப் காலேஜ், வெலிங்டன் ஸ்டாஃப் காலேஜ் ஆகியவற்றோடு இன்னொரு பெயரும் இருந்தது: எஃப்.ஐ.எஸ்., தாம்பரம்.

இந்தத் தொடரை விடாமல் படித்து வருகிறவர்களுக்கு அது தெரிந்த பெயர்தான். ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல். 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் நம் ஊருக்குக் குடிபெயர்ந்த பள்ளி. விமானம் ஓட்டத் தெரிந்தவர்கள் அங்கே போவது, ஓட்டக் கற்றுக்கொடுப்பது எப்படி என்று படிப்பதற்கு. விமானப்படையினர் மட்டுமல்லாமல் தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை விமானிகளும், நட்பு நாடுகளிலிருந்து வருகிறவர்களும் அங்கே படிக்கிறார்கள். பள்ளியின் வரலாற்றைச் சென்ற அத்தியாயங்களில் பார்த்தோம். இந்த முறை அங்கே சொல்லித்தரும் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு ஏவுதளம் வரை போய் வருவோம்.

ராக்கெட் கிளம்பும் நேரத்தில் ஏதோ கோளாறு. உள்ளே இருப்பவர்கள் பதறவில்லை. இப்படி ஒரு செய்தி வந்தால் நாம் உடனே சொல்வது, "என்ன நெஞ்சுரம் பாருங்கள்!" நெஞ்சுரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த நிதானம் பிறவியிலேயே சிலருக்கு மட்டும் வாய்க்கும் வரம் என்று நினைப்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைப் பாடமாக வகுத்து, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குக் கொடுக்க முடியும். தாம்பரத்தில் எழுபது ஆண்டுகளாக அதைத்தான் செய்கிறார்கள்.

* * *

கிழக்குத் தாம்பரம், சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் குடியிருப்பவர்களுக்குப் பயிற்சி விமானத்தின் இரைச்சல் காதுக்குப் பழகிப்போனது. முன்பெல்லாம் கிரண் ஜெட்டின் கீச்சு, பிற்பாடு அதோடு பிலாட்டஸின் உறுமல். ஒரே வட்டத்தை ஏன் இவர்கள் திரும்பத் திரும்பச் சுற்றுகிறார்கள் என்று கீழே இருப்பவர்களுக்குத் தோன்றும். மேலே நடப்பதில் ஒன்றை மட்டும் கிட்டே போய்ப் பார்க்கலாம்.

ஸ்பின். கிரணில் இரண்டு பேர் அக்கம்பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். போதிய உயரத்துக்குப் போனதும் எஞ்சினின் விசையைக் குறைத்து மூக்கைத் தூக்குவார்கள். வேகம் குறையும், இறக்கைகள் நடுங்கத் தொடங்கும். அந்த நேரம் பார்த்து ஒரு பக்க ரட்டரை, அதாவது வால் சுக்கானின் மிதியை, முழுசாக மிதித்தால் விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூக்கைக் கீழே தொங்கவிட்டபடி சுழன்றுகொண்டே விழும். முன்கண்ணாடி நிறையத் தரை. அந்தத் தரையும் சுற்றும். வயிறு தொண்டைக்கு வரும். அந்த நேரத்தில் மனிதக் கை தானாகச் செய்ய விரும்புவது ஒன்றுதான்: விமானத்தைத் திருப்பும் கோலான ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுப்பது. கீழே விழுகிறோம், ஆகவே மேலே இழுப்போம் என்பது உடம்பின் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு. இழுக்க இழுக்க இறக்கைக்குத் தாங்கும் சக்தி திரும்பவே திரும்பாது, சுழற்சி தொடரும். தப்பிக்க வேண்டுமானால் விசையை முழுக்கக் குறைக்க வேண்டும், சுழற்சிக்கு எதிர்ப்பக்க ரட்டரை முழுசாக அழுத்த வேண்டும், பிறகு ஸ்டிக்கை முன்னால் தள்ள வேண்டும். அதாவது தரை எங்கே இருக்கிறதோ அந்தத் திசைக்கே விமானத்தை ஓட்ட வேண்டும். சுழற்சி நின்றதும் ரட்டரை நடுவுக்குக் கொண்டுவந்து, பாய்ச்சலிலிருந்து மெதுவாக மூக்கைத் தூக்க வேண்டும்.

இதைச் செய்வது எந்த விமானிக்கும் தெரிந்திருக்க வேண்டியதுதான். தாம்பரத்தில் கேட்பது அதற்கும் மேலே: இதைச் செய்துகொண்டே பேச வேண்டும். காலும் கையும் ரட்டரிலும் ஸ்டிக்கிலும் எதைச் செய்கின்றனவோ அதை வாய் அதே நொடியில், அதே வரிசையில், மாணவனுக்குப் புரியும்படி சொல்லிக்கொண்டு வர வேண்டும். அவர்கள் பேச்சில் இதற்கு 'பேட்டர்' என்று பெயர். வார்த்தை முந்தினாலும் தப்பு, பிந்தினாலும் தப்பு. குரல் ஒரு இழை உயர்ந்தால்கூடப் பக்கத்து இருக்கையில் இருப்பவனின் பிடி இறுகிவிடும். பயிற்றுநர் ஆகப்போகிறவர் இரவில் அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத ஸ்டிக்கைப் பிடித்தபடி இதை முணுமுணுத்துப் பழகுவார்.

இன்னொரு பாடம் இதைவிடக் கடினம். மாணவன் தப்புச் செய்யும்போது உடனே குறுக்கிடக் கூடாது. செய்த தப்பின் விளைவை அவனே உணர்ந்து, அவனே சரிசெய்ய ஒரு சந்தர்ப்பம் கொடுக்க வேண்டும். ஆனால் எல்லை தாண்டவும் விடக்கூடாது. சைக்கிள் கற்றுக்கொடுக்கிற அப்பா சீட்டைப் பிடித்தபடி பின்னாலேயே ஓடி வந்து, எந்த நொடியில் கையை விடுவது, எந்த நொடியில் மறுபடி பிடிப்பது என்று தவிப்பாரே, அந்தத் தவிப்பை மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் வேகத்தில், முகத்தில் காட்டாமல் அனுபவிக்க வேண்டும். கை ஸ்டிக்கின் அருகிலேயே இருக்கும், தொடாது. எல்லை வந்துவிட்டால் "ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்று ஒரு வாக்கியம். அதைக் கேட்டதும் மாணவன் கையை எடுத்துவிடுவான்.

இதோடு சேர்ந்தது 'போல்ட் ஃபேஸ்'. அவசர காலத்தில் செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் சில வரிகள் மட்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கும். புத்தகத்தைப் புரட்ட நேரமிருக்காது என்பதால் அந்த வரிகள் மனப்பாடம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்ல வேண்டும். எஞ்சின் நின்றால் என்ன, தீ என்று விளக்கு எரிந்தால் என்ன? ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று செயல்கள், மாறாத வரிசையில். முதல் வேலை எப்போதும் ஒன்றே: விமானத்தை ஓட்டு. எங்கே இருக்கிறோம் என்பது அடுத்து. ரேடியோவில் பேசுவது கடைசி.

எத்தனையோ விமானிகள் இந்த ஓடுதளத்தில் இதைக் கற்று, நாடெங்கும் உள்ள பயிற்சி நிலையங்களுக்குப் போய், இளைஞர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நாயர் பயிற்றுநர்களில் மிக உயர்ந்த 'கேட் ஏ' தரம் பெற்றவர். சுமார் 3,000 மணி நேரம் பறந்தவர். அஜித் கிருஷ்ணனும் பயிற்றுநர், 2,900 மணி நேரம். சோதனை விமானி என்ற பட்டம்தான் செய்திகளில் முன்னால் வந்தது. பயிற்றுநர் என்பதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. எனக்கென்னவோ, விண்கலத்துக்குள் உட்காரப் போகிறவரிடம் அதுதான் அதிகம் பேசும் தகுதி என்று தோன்றுகிறது. அதற்குக் காரணம் காட்ட அறுபது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

* * *

1965 டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை காலை. அமெரிக்காவின் கேப் கென்னடி ஏவுதளத்தில் டைட்டன்-2 ராக்கெட்டின் உச்சியில் ஜெமினி 6 விண்கலம். உள்ளே வால்ட்டர் ஷிரா, தாமஸ் ஸ்டாஃபோர்ட். மேலே சுற்றுப்பாதையில் ஜெமினி 7-ல் ஃபிராங்க் போர்மனும் ஜிம் லவலும் எட்டு நாட்களாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். இவர்கள் போய் அவர்களை நெருங்க வேண்டும். இரண்டு கலங்கள் விண்ணில் அருகருகே வருவதை அதுவரை யாரும் சாதித்ததில்லை.

எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வந்தது. எஞ்சின்கள் பற்றின. ஒரு விநாடிக்குச் சற்று மேலே ஆனதும் அணைந்தன.

அதோடு முடிந்திருந்தால் பெரிய கவலை இல்லை. ஆனால் ஷிராவின் முன்னால் இருந்த கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. ராக்கெட் தரையைவிட்டு எழும்போது அதன் அடியில் செருகியிருக்கும் மின்இணைப்பு பிடுங்கிக்கொள்ளும்; அப்போதுதான் கடிகாரம் ஓடும். கடிகாரம் ஓடுகிறது என்றால் ராக்கெட் சில அங்குலமாவது எழும்பிவிட்டது என்று பொருள். எஞ்சினோ நின்றுவிட்டது. அப்படியானால் சுமார் 150 டன் எடை, ஒன்றையொன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும் இரண்டு திரவங்களோடு, அந்தச் சில அங்குலமும் திரும்பக் கீழே விழப்போகிறது. விதிமுறை தெளிவாகச் சொன்னது: இரு கால்களுக்கும் நடுவே இருக்கும் வளையத்தை இழு. இழுத்தால் இரண்டு இருக்கைகளும் வெடித்து வெளியேறும்.

ஷிரா இழுக்கவில்லை.

அவர் 1962-ல் மெர்குரி கலத்தில் ஒருமுறை விண்ணுக்குப் போய் வந்தவர். ராக்கெட் எழும்பும்போது முதுகுக்குக் கீழே என்ன தெரியும் என்பது அவர் உடம்புக்குத் தெரியும். இப்போது அது தெரியவில்லை. கடிகாரம் பொய் சொல்கிறது என்று அவர் முடிவு செய்தார். எண்ணிப் பார்க்கக்கூட இடமில்லாத நேரத்தில் எடுத்த முடிவு. உண்மையில் நடந்ததும் அதுவே: எஞ்சின்களின் அதிர்வில் அந்த மின்இணைப்பு முன்கூட்டியே கழன்று விழுந்திருந்தது. ராக்கெட் நின்ற இடத்தில் அப்படியே நின்றது. பிறகு ஆராய்ந்தபோது எஞ்சினுக்குள் யாரோ எடுக்க மறந்த ஒரு சிறு தூசி மூடியும் அகப்பட்டது.

அவர் வளையத்தை இழுத்திருந்தால்? கலமும் உடைகளும் நெடுநேரமாகத் தூய ஆக்சிஜனில் ஊறியிருந்தன. இருக்கையை உந்தும் ராக்கெட்டின் நெருப்பு அதில் பட்டிருந்தால் தாங்கள் இருவரும் எரிந்திருப்போம் என்று ஸ்டாஃபோர்ட் பிற்பாடு சொன்னார். இழுக்காததால் கலம் பாழாகவில்லை. மூன்றே நாளில், டிசம்பர் 15 அன்று, அதே ராக்கெட் அதே இருவரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஜெமினி 7-க்கு ஓர் அடி தூரம் வரை நெருங்கி நின்றார்கள்.

ஸ்பின்னில் ஸ்டிக்கை இழுக்கத் துடிக்கும் கையும், வளையத்தை இழுக்கத் துடிக்கும் கையும் ஒரே கைதான். உடம்பு ஒன்று சொல்கிறது, புத்தகம் ஒன்று சொல்கிறது, கருவி ஒன்று காட்டுகிறது. ஸ்பின்னில் உடம்பை நம்பக் கூடாது. ஷிரா விஷயத்தில் உடம்பைத்தான் நம்ப வேண்டியிருந்தது. எதை எப்போது நம்புவது என்று பிரித்துப் பார்க்கும் அந்த ஒரு விநாடிக்காகத்தான் இத்தனை ஆயிரம் மணி நேரப் பறத்தல்.

1984 ஜூன் 26 அன்று டிஸ்கவரி விண்ணோடத்திலும் இதுபோல் நடந்தது. எஞ்சின்கள் பற்றத் தொடங்கியதும் கணினி கோளாறு கண்டு நிறுத்திவிட்டது. அடியில் ஹைட்ரஜன் கசிந்து எரிந்தது. ஹைட்ரஜன் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. தலைவர் ஹென்றி ஹார்ட்ஸ்ஃபீல்டும் மற்ற ஐவரும் கதவைத் திறந்துகொண்டு ஓடியிருந்தால் தெரியாத நெருப்புக்குள் போயிருப்பார்கள். இருந்த இடத்திலேயே இருந்தார்கள். தீயணைக்கும் தண்ணீரில் நனைந்தபடி பிறகு இறங்கி வந்தார்கள்.

* * *

கையில் ஒரு வளையமாவது இருந்தால் இழுப்பதா விடுவதா என்று யோசிக்கலாம். எதுவுமே இல்லாவிட்டால்?

1983 செப்டம்பர் 26, இரவு. பைகனூர் ஏவுதளம், ககாரின் கிளம்பிய அதே மேடை. சோயுஸ் கலத்தில் விளாதிமிர் திதோவும் கென்னாடி ஸ்ட்ரெகாலோவும். இருவருக்கும் அந்த வருஷம் ஏற்கெனவே ஒரு ஏமாற்றம்: ஏப்ரலில் சல்யூட்-7 நிலையத்தோடு இணைய முடியாமல் திரும்பியிருந்தார்கள். இந்த முறை கிளம்ப ஏறத்தாழ ஒன்றரை நிமிடம் இருக்கையில் ஒரு வால்வு பழுதாகி எரிபொருள் கொட்டி, ராக்கெட்டின் அடியில் தீ பிடித்துக்கொண்டது.

கலத்தைச் சுற்றிக் கூடு மூடியிருந்ததால் உள்ளிருந்தவர்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. ஏதோ ஆடுவது மட்டும் தெரிந்தது. தப்பிக்கும் ராக்கெட்டை இயக்கும் விசை அவர்கள் கையில் இல்லை. அது தரையில் இருப்பவர்களிடம். தானாக இயங்க வேண்டிய அமைப்போ, கம்பிகள் தீயில் கருகியதால் செத்துப் போயிருந்தது. மிஞ்சியது ரேடியோ வழி ஆணை. அதற்கும் ஒரு கட்டுப்பாடு: தவறுதலாக யாரும் அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக, தனித்தனி அறைகளில் இருக்கும் இரண்டு பேர் ஐந்து விநாடிக்குள் தத்தம் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினார்கள். தீ பிடித்ததிலிருந்து அதுவரை சுமார் இருபது விநாடி கடந்திருந்தது.

உச்சியில் இருந்த தப்பிக்கும் ராக்கெட் எரிந்து, கலத்தைப் பிடுங்கிக்கொண்டு மேலே பாய்ந்தது. உடம்பின் எடையைப் போல் பதினான்கு முதல் பதினேழு மடங்கு வரை அழுத்தம், ஐந்து விநாடிக்கு. இரண்டு விநாடி கழித்துக் கீழே ராக்கெட் வெடித்தது. ஏவுமேடை இருபது மணி நேரம் எரிந்தது. இருவரும் சுமார் நான்கு கிலோமீட்டர் தள்ளிப் பாராசூட்டில் இறங்கினார்கள், பெரிய காயமில்லாமல்.

கலத்துக்குள் தாங்கள் செய்த முதல் வேலை என்ன என்று திதோவ் பிற்காலத்தில் சொன்னார்: குரலைப் பதிவு செய்யும் கருவியை அணைத்தார்களாம். வாயில் வந்ததையெல்லாம் திட்டிக்கொண்டிருந்ததால்! இதைப் படித்தபோது எனக்கு அவர்கள் மேல் மதிப்பு கூடியது. நிதானம் என்றால் கல்லாகிப் போவது என்று ஒரு நினைப்பு நமக்கு இருக்கிறது. அவர்களுக்கு ஈரக்குலை நடுங்கியிருக்கும், ஆத்திரம் பொங்கியிருக்கும். ஆனாலும் கை போய்ச் சரியான விசையைத் தொட்டிருக்கிறது.

அப்போது மாஸ்கோவுக்கு அருகே ஸ்டார் சிட்டியில் ராகேஷ் சர்மாவும் ரவீஷ் மல்ஹோத்ராவும் விண்வெளிப் பயணத்துக்கான பயிற்சியில் இருந்தார்கள். 1982-ல் போனவர்கள், பயணத்துக்கு இன்னும் ஆறு மாதம். தாங்கள் ஏறப்போகும் அதே வகை ராக்கெட், மேடையிலேயே வெடித்தது. இருவரும் பின்வாங்கவில்லை. அதைவிட எனக்கு வியப்பான செய்தி ஒன்று உண்டு. சர்மாவோடு போவதாக இருந்த பொறியாளர் நிக்கோலாய் ருகாவிஷ்னிகோவ் உடல்நலக் காரணத்தால் விலக, அந்த இடத்துக்கு வந்தவர் வேறு யாருமில்லை, ஸ்ட்ரெகாலோவ். 1984 ஏப்ரல் 3 அன்று சோயுஸ் டி-11 கிளம்பியபோது, முதல் இந்தியருக்குப் பக்கத்தில் படுத்திருந்தவர் ஆறே மாதத்துக்கு முன் நெருப்பிலிருந்து பிடுங்கி எடுக்கப்பட்ட மனிதர். தலைவர் யூரி மாலிஷெவ். சர்மாவின் பயணத்தைப் பற்றி நாம் எத்தனையோ பேசியிருக்கிறோம். இந்திரா காந்தி கேட்ட கேள்வியும் அவர் சொன்ன பதிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஸ்ட்ரெகாலோவின் பெயரையும் அந்தப் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.

* * *

இனி நம் காலம். 2018-ஆம் ஆண்டை மட்டும் வரிசையாகப் பாருங்கள்.

ஜூலை 5, காலை ஏழு மணி. ஸ்ரீஹரிகோட்டாவில் இஸ்ரோ முதன்முதலாகத் தப்பிக்கும் ராக்கெட்டைச் சோதித்தது. ஏவுமேடையிலேயே ஆபத்து வந்தால் ஆட்களோடு கலத்தைப் பிடுங்கிக்கொண்டு போகும் அமைப்பு. பைகனூரில் 1983-ல் வேலை செய்ததே, அதன் நம் ஊர்ப் பதிப்பு. 12.6 டன் எடையை ஏழு திட எரிபொருள் மோட்டார்கள் சுமார் 2.7 கி.மீ. உயரத்துக்குத் தூக்க, அது வங்கக் கடல் பக்கம் வளைந்து 2.9 கி.மீ. தள்ளிப் பாராசூட்டில் இறங்கியது. எல்லாம் 259 விநாடி. ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையில் பிரதமர் ககன்யானை அறிவித்தார். அக்டோபர் 11 அன்று பைகனூரில் சோயுஸ் எம்.எஸ்.-10 கிளம்பியது.

கிளம்பி இரண்டு நிமிடம் ஆகும்போது பக்கவாட்டு ராக்கெட்டுகள் நான்கும் கழன்று விலக வேண்டும். ஒன்று சரியாக விலகாமல் நடு ராக்கெட்டில் மோதியது. கழலுவதை உணர்த்தும் சிறு முள் ஒன்று, ராக்கெட்டைப் பொருத்தும்போதே வளைந்து போயிருந்ததுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. தப்பிக்கும் அமைப்பு தானாக இயங்கிக் கலத்தைப் பிரித்தது. உள்ளே அலெக்சேய் ஒவ்சினின், அமெரிக்கர் நிக் ஹேக். உடல் எடையைப் போல் ஏறத்தாழ ஏழு மடங்கு அழுத்தத்தோடு கலம் கீழே இறங்கியது. ரேடியோவில் ஒவ்சினினின் குரல் அலுவலக அறிக்கை வாசிப்பது போலவே வந்தது: ராக்கெட்டில் கோளாறு, இத்தனை விநாடியில், இன்னின்ன விளக்குகள் எரிகின்றன, அழுத்தம் இவ்வளவு. கேட்டவர்கள் இது ஒத்திகையோ என்று நினைத்திருந்தாலும் குற்றமில்லை. இருவரும் கஜகஸ்தான் புல்வெளியில் நலமாக இறங்கினார்கள். ஐந்து மாதம் கழித்து, 2019 மார்ச் 14 அன்று, மறுபடி சேர்ந்தே விண்வெளி நிலையத்துக்குப் போனார்கள்.

ஒவ்சினின் விண்வெளி வீரர் ஆவதற்கு முன் என்ன செய்தார் தெரியுமா? தென் ரஷ்யாவின் யெய்ஸ்கில் ஒரு பயிற்சி விமானப் பிரிவில் பயிற்றுநர். இளம் விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர். அங்கேயும் கை செய்வதை வாய் சொல்லிக்கொண்டு வரும் பழக்கம்தான். ஆபத்தில் அந்தக் குரல் அப்படி வந்ததற்கு அவருடைய மனத்திடம் ஒரு காரணம் என்றால், அந்த ஆண்டுகளும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நம் நால்வரும் 2020 பிப்ரவரியில் அதே ஸ்டார் சிட்டிக்குப் போனார்கள். பனிக்காட்டிலும் தண்ணீரிலும் புல்வெளியிலும், எதிர்பாராத இடத்தில் கலம் இறங்கிவிட்டால் ஆட்கள் வரும்வரை உயிரோடு இருப்பது எப்படி என்ற பயிற்சி. நடுவில் கொரோனா முடக்கம். 2021 மார்ச்சில் முடித்துக்கொண்டு பெங்களூருக்குத் திரும்பினார்கள்.

போர் விமானிக்கும் விண்கலத்தில் இருப்பவருக்கும் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. நால்வரும் பழக வேண்டியிருந்தவற்றில் இதுவே கடினம் என்று நினைக்கிறேன். மிக்-21-இலோ சுகோயிலோ வெளியேறும் கைப்பிடி விமானியின் வசம். ககன்யானைத் தூக்கும் எல்.வி.எம்.-3 ராக்கெட்டில் அப்படி இல்லை. அதன் இரு பக்கமும் இருக்கும் எஸ்-200 திட எரிபொருள் மோட்டார்களைப் பற்றவைத்தால் பற்றவைத்ததுதான், நடுவில் அணைக்க முடியாது. கோளாறுக்கும் வெடிப்புக்கும் இடையே மனிதன் யோசிக்கும் அளவுக்கு நேரம் இருக்குமென்று சொல்ல முடியாது. ஆகவே ராக்கெட்டின் நாடியைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கணினி அமைப்பு முடிவெடுத்துத் தப்பிக்கும் மோட்டாரை இயக்கும். ஆயுள் முழுக்க "ஐ ஹேவ் கன்ட்ரோல்ஸ்" என்று சொல்லிப் பழகிய ஒருவர், கையை எடுத்துக்கொண்டு இன்னொன்றிடம் ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்டிக்கின் அருகில் கையை வைத்துக்கொண்டு தொடாமல் இருந்தவர்களுக்கு அது சற்று எளிதாக வரும்.

அந்தக் கணினியின் நிதானத்தை 2023 அக்டோபர் 21 அன்று உலகம் நேரலையில் பார்த்தது. டி.வி.-டி1 என்ற சோதனை. ஆளில்லாத கலம். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் பறக்கும்போது தப்பிக்கும் அமைப்பு வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். காலை எட்டு மணிக்கு வைத்திருந்த நேரம் எட்டரை ஆகி, எட்டே முக்கால் ஆகி, எண்ணிக்கை ஐந்தாவது விநாடிக்கு வந்ததும் நின்றது. எஞ்சின் பற்றுவது முறைப்படி நடக்கவில்லை என்று கண்ட கணினி நிறுத்திவிட்டது. அப்போது இஸ்ரோ தலைவராக இருந்த சோமநாத் தாமே ஒலிபெருக்கியில் வந்து, நிறுத்தியிருக்கிறோம், என்னவென்று பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார். ஒப்பனை ஒன்றும் இல்லை. காரணம் தெரிந்தது, சரிசெய்தார்கள், பத்து மணிக்கு ராக்கெட் கிளம்பியது. சுமார் 12 கி.மீ. உயரத்தில் தப்பிக்கும் மோட்டார் கலத்தைப் பிடுங்கியது, 17 கி.மீ. அருகே கலம் பிரிந்தது. கரையிலிருந்து சுமார் 10 கி.மீ. தொலைவில் கடலில் இறங்கியது. கடற்படை எடுத்து வந்து சென்னைத் துறைமுகத்தில் சேர்த்தது.

ஏவுதளத்தில் நிறுத்தத் தெரிவதும் ஒரு திறமை. 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா ஃப்ளோரிடாவிலிருந்து விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பவிருந்தபோது, ஃபால்கன்-9 ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவது தெரிந்து 11-ஆம் தேதி பயணம் தள்ளிப்போனது. இஸ்ரோ தலைவர், நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர் நாராயணன் தலைமையில் அங்கே போயிருந்த குழு, கசிவை முழுக்கச் சரிசெய்த பிறகே கிளம்ப வேண்டும் என்று வற்புறுத்தியது. 25-ஆம் தேதி சுக்லா கிளம்பினார். அந்தப் பயணத்தில் அவருக்கு மாற்று வீரராக நியமிக்கப்பட்டிருந்தவர் பிரசாந்த் நாயர். எல்லாப் பயிற்சியும் செய்து, கிளம்பத் தயாராக இருந்து, கிளம்பாமல் தரையில் நிற்கும் வேலை அது. 1984-ல் ரவீஷ் மல்ஹோத்ரா செய்ததும் அதே வேலைதான்.

2025 நவம்பர் 14 அன்று தாம்பரத்திலிருந்து வழக்கமான பயிற்சிக்காகக் கிளம்பிய பிலாட்டஸ் விமானம் ஒன்று நமக்குத் தெற்கே திருப்போரூர் அருகே விழுந்து நொறுங்கியது. விமானி உரிய நேரத்தில் கைப்பிடியை இழுத்து வெளியேறிப் பாராசூட்டில் இறங்கினார். தரையில் யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஷிரா இழுக்காமல் இருந்தது எவ்வளவு சரியோ, இவர் இழுத்ததும் அவ்வளவு சரி. வெளியேறும் இருக்கைக்கு அடியில் என்னதான் இருக்கிறது, இழுத்த பின் விமானியின் முதுகெலும்புக்கு என்ன ஆகிறது, இறங்கியவரை மறுபடி பறக்க அனுமதிப்பதற்கு முன் மருத்துவர்கள் எதையெல்லாம் பார்க்கிறார்கள் என்பதை அடுத்த அத்தியாயத்தில் எழுதுகிறேன்.

(தொடரும்)